கந்தர்மடத்திலை நடந்த விஞ்ஞானப் புனைகதைக் கூட்டத்துக்கு ஆர் ஆர் போனனியள்?

பனங்கொட்டை (ஞாயிறு, காலமை 6.50)

வணக்கம் எல்லாருக்கும். நேற்று கந்தர்மடத்துப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்திலை விஞ்ஞானப் புனைகதை வாசிக்கிற ஆக்கள், எழுதுற ஆக்கள், படம் பாக்கிற ஆக்கள் எல்லாம் ஒண்டாச் சேந்து ஒருநாள் கூட்டம் வைச்சவையெல்லோ, அதுக்குப் போனனான். காலமை எட்டரைக்குப் போய் இரவு ஏழரைக்குத்தான் வீட்டை வந்தனான். மனிசி கேட்டா ஆற்றை கலியாணம் எண்டு, நான் றோபோவின்ரை எண்டன், அதுக்குப் பிறகு அவ கதைக்கேல்லை.

வாசல்லை 300 ரூவா. ஒரு மட்டையிலை பேர் எழுதி கம்பளி நூலிலை கட்டி கழுத்திலை போட விட்டவை. பேருக்குக் கீழை "கிரகம்" எண்டு ஒரு கோடு. எனக்கு முன்னுக்கு நிண்ட பொடியன் செவ்வாய் எண்டு எழுதினான், அவனுக்கு முன்னுக்கு நிண்ட பிள்ளை வாயிலை நுழையாத ஏதோ ஒண்டு எழுதினா, நான் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு உரும்பிராய் எண்டு எழுதினன். மேசையிலை இருந்த பிள்ளை சிரிக்கவேயில்லை, "சரி அங்கிள், உள்ளை போங்கோ" எண்டா.

உள்ளை போனால் மேடையிலை பெரிய சோடினை. முதல்நாள் அங்கை ஒரு சாமத்தியவீடு நடந்திருக்கு, கழட்டிறதுக்கு ஆள் வரேல்லையாம். பிளாஸ்ரிக் பூ, ரெண்டு வெள்ளை அன்னம், நடுவிலை சிவப்பு வெல்வெற் சிம்மாசனம். அதுக்கு மேலாலை விஞ்ஞானம், எதிர்காலம் எண்டு பனர். பேசின ஆக்கள் எல்லாரும் ரெண்டு அன்னத்துக்கும் நடுவிலை இருந்துதான் விண்வெளியைப் பற்றிக் கதைச்சவை. காசு குடுத்துச் செய்விச்சாலும் உப்பிடி ஒரு சோடினை வந்திராது.

நோட்டீசிலை 9 மணி. விளக்கேத்தி, தேவாரம் பாடி, வரவேற்பு நடனம் ஆடி, ஆளாளுக்குப் பொன்னாடை போத்தி முடிய 10.50. பிரதம விருந்தினர் அரை மணித்தியாலத்துக்கு மேலை புஷ்பக விமானம்தான் உலகத்தின்ரை முதல் ஏரோப்பிளேன் எண்டு விளக்கினவர். எனக்குப் பின்னாலை இருந்த கம்பஸ் பொடியள் "என்ன ஊத்தி ஓடினது, மண்ணெண்ணெயோ" எண்டு குசுகுசுக்க எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போட்டுது. இந்த மண்ணெண்ணெயைக் கொஞ்சம் ஞாபகத்திலை வைச்சிருங்கோ, பிறகு வரும்.

அதுக்குப் பிறகு விஞ்ஞானக் கதை எழுதின இங்கிலீஸ்காரர் ஆதர் சி. கிளார்க்கைப் பற்றி ஒரு கதைப்பு, அது நல்லாயிருந்தது. மனிசன் 1956 இலை வந்து 2008 இலை சாகும்வரை இந்த நாட்டிலைதான் இருந்தவர், அது தெரிஞ்ச விசயம். பூமத்திய ரேகைக்கு மேலை கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்திலை செய்மதி சுத்தினால் அது பூமியோடை சேந்து சுத்துறபடியால் எங்களுக்கு நிண்ட இடத்திலையே நிக்கிறமாதிரித் தெரியும், அப்பிடி மூண்டு வைச்சால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் எண்டு 1945 இலையே எழுதினவர், அதுவும் கனபேருக்குத் தெரியும். எனக்குப் புதுசா இருந்தது என்னெண்டால் அவரும் அவற்றை கூட்டாளி மைக் வில்சனும் 1956 இலை திருகோணமலையிலை சுவாமி மலைக்குக் கீழை கடலுக்கை சுழியோடி, போத்துக்கீசர் இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயில் தூணுகள் கல்லுகளைக் கண்டதும் அடுத்த வருசமே அதைப் புத்தகத்திலை எழுதினதும். கோணேச்சரத்துக்கு எத்தினைதரம் போயிருப்பன், உந்தக் கதையை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொண்டு. பூமியிலையிருந்து விண்வெளிக்குக் கயிறு கட்டி லிஃப்ற் விடுற கதை ஒண்டு 1979 இலை எழுதினவர், த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ். அந்த லிஃப்ற்றின்ரை அடி பூமத்திய ரேகையிலை நிண்டால்தான் கணக்குச் சரிவரும், இலங்கை கொஞ்சம் வடக்கை கிடக்கு. என்ன செய்தவர் தெரியுமோ? இலங்கையைத் தூக்கி 800 கிலோமீற்றர் தெற்கை வைச்சிட்டார், அதைத் தான்தான் செய்தனான் எண்டு புத்தகத்திலையே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். இதை மேடையிலை சொன்னவுடனை பின்னுக்கிருந்து ஒரு குருநகர் அண்ணை எழும்பி "அப்ப இந்தியன் ரோலர் படகுப் பிரச்சினையும் முடிஞ்சிருக்கும்" எண்டார். மண்டபம் அப்பிடியே வெடிச்சுப்போச்சு. நாள் முழுக்க அதுதான் பெரிய கைதட்டு.

மத்தியானம் சோத்துப் பாசல். விடுவம்.

நான் இதை எழுத வந்ததே பின் விறாந்தையைப் பற்றித்தான். ரீ ஊத்திற மேசைக்குப் பக்கத்திலை ஒரு ஐயா இருந்தவர், எழுவத்தஞ்சு எம்பது வயது மதிக்கலாம். வேட்டி, வெள்ளைச் சேட்டு, கழுத்திலை மட்டை, கிரகம் எண்ட கோட்டிலை ஒண்டும் எழுதேல்லை. முன்னாலை ஒரு சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலையிருந்து வயர் எடுத்து பழைய றேடியோ ஒண்டுக்குக் குடுத்திருந்தார். நிகழ்ச்சி நிரல்லை அவற்றை பேர் இல்லை, பேத்தி கூட்டிக்கொண்டு வந்ததாம். பெடலைக் கையாலை சுத்தினால் பாட்டுக் கேக்குது, நிப்பாட்டினால் நிக்குது. முதல்லை ரெண்டு சின்னப் பொடியள் நிண்டாங்கள், நான் ரீ எடுத்துக்கொண்டு திரும்பேக்கை பதினைஞ்சு பேர், மேடையிலை சினிமாவிலை விண்கப்பல் எண்டு கதை போகுது, இஞ்சை விறாந்தையிலை நிக்க இடமில்லை.

90க்குப் பிறகு சண்டைக்காலம், குடாநாட்டிலை கரண்டும் இல்லை, பற்றறியும் தடை எல்லோ. ஒருத்தர் பெடலைச் சுத்த மிச்ச ஆக்கள் சுத்திவர நிண்டு இரவு பி.பி.சி. தமிழோசை கேட்டது எனக்கு நல்ல ஞாபகம், அப்ப எனக்குப் பத்து வயசு, கை நோகுது எண்டால் அடி விழும், செய்தி முடியுமட்டும் சுத்தவேணும். ஆனால் அது ஏன் வேலை செய்தது எண்டு ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தினதில்லை. ஐயா அப்பிடியே ஒவ்வொண்டா அவிழ்க்கிறார். செத்த பற்றறிக்கு ஆணியாலை ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டது ஏனெண்டால் உள்ளை இருக்கிற பசை காஞ்சுபோனால் மின்சாரம் ஓட வழியில்லை, ஈரம் குடுத்தால் மிச்சம் கிடக்கிறதையும் உறிஞ்சலாம். மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயிலை ஓடினது எப்பிடியெண்டால், மண்ணெண்ணெய் குளிர் என்ஜினிலை ஆவியாகாது, துளி பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி என்ஜினைச் சூடாக்கிப்போட்டு மாத்திவிட்டால் அந்தச் சூட்டிலை ஆவியாகி எரியும், அதுதான் பின்னாலை அந்த வெள்ளைப் புகை. ஜாம் போத்தலுக்கை பஞ்சைப் போட்டு அதிலை கொஞ்ச மண்ணெண்ணெயை ஊறவிட்டுச் சின்னத் திரியிலை எரிச்சது, வெளிச்சம் காணாது, ஆனால் ஒரு இரவு படிக்கலாம். நாங்கள் படிச்சம்.

கேட்டுக்கொண்டு நிண்ட ஒரு பிள்ளை, பதினாறு வயசிருக்கும், "இது எந்தக் கதையிலை வருது ஐயா" எண்டு கேட்டா. ஐயா "கதையில்லைப் பிள்ளை, கைதடியிலை" எண்டார்.

போன ஆக்கள் சொல்லுங்கோ, நீங்களும் அந்த விறாந்தையிலை நிண்டனியளோ?

வடமராட்சிப் பொடியன் (ஞாயிறு, காலமை 8.20)

அண்ணை நான் 750 பஸ்சிலை வந்து சேரப் பதினொண்டரை, நல்லகாலம் புஷ்பக விமானம் போட்டுது. ஐயாவைப் பாத்தனான், ஆனால் நீங்கள் வேஷம் போட்ட ஆக்களைப் பற்றி எழுதாமல் விட்டது பிழை. அந்த விண்வெளி வீராங்கனைப் பிள்ளையை விட்டிட்டியளே? ஆறு ஏழு வயசு, உடுப்பு முழுக்க யூரியா பாக்கிலை தைச்சது, பின்பக்கத்திலை "50 கி.கி." எண்டு அச்சடிச்சது அப்பிடியே கிடக்கு, தலைக்கு தண்ணிக் கானை வெட்டி ஹெல்மெற். பிள்ளை வேர்த்து ஒழுகுது, தாய் பின்னாலை பனையோலை விசிறியோடை நடக்கிறா, ஹெல்மெற்றுக்குக் கீழாலை விசிறுறா. பரிசு அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கவேணும். ஒன்லைனிலை வாங்கின உடுப்போடை வந்தவருக்குக் குடுத்தவை, எனக்கு இன்னும் கோவம் ஆறேல்லை.

மற்றது பின்னேரம் நடந்த கதைப்பு. ஏன் அரைவாசி இங்கிலீசிலை? வந்தது முழுக்கத் தமிழ் ஆக்கள். "இந்த ஜான்ரவிலை வேர்ல்ட்பில்டிங்தான் இம்போட்டன்ற்" எண்டால் எனக்குப் பக்கத்திலை இருந்த ஆச்சி என்னட்டைக் கேக்கிறா என்ன பில்டிங் கட்டுறாங்கள் எண்டு.

ஒஸ்லோ மாமி (ஞாயிறு, காலமை 11.05)

தம்பி பனங்கொட்டை, சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சன். அந்த 36,000 கிலோமீற்றர் கதைக்கு என்னட்டை ஒரு சாட்சி இருக்கு. 2003 இலை சமாதான நேரம் ஊருக்கு வந்தபோது எங்கடை கோண்டாவில் வீட்டிலை அண்ணா டிஷ் பூட்டினவர், அது வானத்தைப் பாத்து அண்ணாந்துகொண்டு கிடக்கு. நான் சொன்னன் அண்ணா பிழையாப் பூட்டியிருக்கிறான், எங்கடை ஒஸ்லோவிலை எல்லா டிஷ்ஷும் முன்வீட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கும் எண்டு. ரெண்டு நாள் சண்டை. பிறகு மகன்தான் சொன்னவன், செய்மதி நிக்கிறது பூமத்திய ரேகைக்கு மேலை, யாழ்ப்பாணம் அதுக்குக் கிட்ட எண்டபடியால் தலைக்கு மேலை பாக்கவேணும், நாங்கள் 60 பாகை வடக்கை இருக்கிறபடியால் தெற்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலை பாக்கவேணும் எண்டு. அண்ணாவிட்டை மன்னிப்புக் கேக்கேல்லை, இப்ப இதிலை கேக்கிறன், அவர் இதை வாசிக்கமாட்டார்.

கிளாஸ்கோ கந்தசாமி (ஞாயிறு, மத்தியானம் 1.30)

நான் 2024 ஓகஸ்டிலை இஞ்சை கிளாஸ்கோவிலை நடந்த வேர்ல்ட்கொன்னுக்கு, அதுதான் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்கு, ஒருநாள் ரிக்கெற்றிலை போனனான், அதாலை ஒப்பிட்டுச் சொல்லலாம். பிரமாண்டம், ஒரேநேரத்திலை பத்து அறையிலை பத்துக் கதைப்பு நடக்கும், எதுக்குப் போறதெண்டு தெரியாமல் நான் பாதி நேரம் கொரிடோரிலைதான் நிண்டனான். ஆனால் தம்பிமாரே அதுவும் துடங்கேக்கை உங்கடை மாதிரித்தான். முதலாவது 1939 இலை நியூயோர்க்கிலை, வந்தது 200 பேரளவு. 42 இலையிருந்து 45 வரை உலகப்போராலை நடக்கவேயில்லை, பிறகு திருப்பித் துடங்கினவை. அதிலை விஞ்ஞானக் கதைக்குக் குடுக்கிற ஹியூகோ விருது 1953 இலைதான் வந்தது. இண்டைக்கும் அதை நடத்திற ஆக்களுக்குச் சம்பளம் இல்லை, தலைவர் தொடக்கம் கதிரை தூக்கிற ஆள் வரை தொண்டுக்குத்தான் நிக்கினம்.

ஒண்டு சொல்லவேணும், விறாந்தை ஐயா மாதிரி ஒரு ஆளை நான் அங்கை காணேல்லை. அங்கை எல்லாரும் வாசிச்சுப்போட்டு வந்த ஆக்கள்.

குப்பிவிளக்கு (ஞாயிறு, பின்னேரம் 3.10)

எல்லாரும் கோவிக்காதேங்கோ. எனக்கு 22 வயசு, நேற்று நானும் வந்தனான். உந்த 90 ஆம் ஆண்டுக் கதை, ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெய், சத்தியமா எனக்கு அலுத்துப்போச்சு. வீட்டிலை அம்மா, பள்ளிக்கூடத்திலை சேர், கலியாண வீட்டிலை மாமா, இப்ப விஞ்ஞானப் புனைகதைக்குப் போனாலும் அதுதான். நான் போனது வரப்போற 50 வருசத்தைக் கேக்க. தாளையடியிலை கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்கிற நிலையம் 2024 இலை திறந்தாச்சு, எங்களுக்கு ஆறு இல்லை, கிணறுதான், சுண்ணாம்புக்கல்லுக்குள்ளை மழைத்தண்ணி மிதந்துகொண்டு கிடக்கு, கூட இறைச்சால் கீழையிருந்து உப்பு ஏறும். 2075 இலை கிணத்துத் தண்ணி குடிச்ச கடைசி ஆள் ஆர், அவர் என்ன கதை சொல்லுவார்? இதை எழுதிறதுக்கு ஒருத்தரும் இல்லை, எல்லாரும் டைனமோவைச் சுத்திக்கொண்டு நிக்கினம்.

(என்ரை பேரைப் பாத்துச் சிரிக்கிறவைக்கு, அது அப்பா வைச்ச ஐடி, மாத்த ஏலாமல் கிடக்கு.)

பனங்கொட்டை (ஞாயிறு, பின்னேரம் 4.00)

குப்பிவிளக்கு, கோவம் ஒண்டும் இல்லை. நீர் சொல்லுறதிலை நியாயம் இருக்கு, எங்கடை ஆக்களுக்குக் கதைக்கத் துடங்கினால் நிப்பாட்டத் தெரியாது, நானும் அதிலை ஒராள். ஆனால் ஒண்டு, ஐயா "அந்தக் காலத்திலை நாங்கள் பட்ட கஸ்ரம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பற்றறிக்குள்ளை என்ன நடக்குது எண்டுதான் சொன்னவர். நான் இருவது வருசமா விஞ்ஞானக் கதை வாசிக்கிறன், தனியத்தான், உரும்பிராயிலை இதைக் கதைக்க எனக்கு ஒராளும் இல்லை. வாசிக்கேக்கை எல்லாம் விஞ்ஞானம் வேறை எங்கையோ நடக்கிற மாதிரியும் எங்கடை ஊரிலை அவலம் மட்டும்தான் நடந்தமாதிரியும் ஒரு எண்ணம் எனக்கு. நேற்றுத்தான் பத்து வயசிலை நான் பெடல் சுத்தினது ஒரு பரிசோதனை எண்டு தெரிஞ்சது. உமக்கு அது பழங்கதையாத் தெரியலாம், எனக்கு அது புதுக்கதை.

உம்மடை கிணத்துக் கதையை எழுதும். உண்மையாச் சொல்லுறன், நான் வாசிப்பன்.

சுன்னாகம் ரீச்சர் (ஞாயிறு, பின்னேரம் 5.25)

நான் மண்டப முற்றத்திலை தொலைநோக்கி வைச்சிருந்த பிள்ளையளோடை நிண்டனான், அதைப் பற்றி ஒருத்தரும் எழுதாதது எனக்குக் கவலை. சூரிய வடிகட்டி போட்டு சூரியனிலை கறுப்புப் புள்ளி காட்டினவை. பாத்த பெரியாக்கள் எல்லாம் உடனை கிரகணக் கதைதான். யாழ்ப்பாணத்துக்கு 2010 ஜனவரி 15 உம் 2019 டிசம்பர் 26 உம் வளையக் கிரகணம் தெரிஞ்சது, பத்து வருசத்துக்குள்ளை ரெண்டுதரம், உலகத்திலை கனக்க ஊருக்கு உந்தக் குடுப்பினை இல்லை. முதலாவதுக்கு எங்கடை வீட்டிலை மாமி உலக்கையைத் தாம்பாளத்திலை நிப்பாட்டி வைச்சவ, சாணித் தண்ணி வாளியிலை விம்பம் பாத்தது. ரெண்டாவதுக்கு மருமகள் போனிலை லைவ் போட்டவ. உலக்கையும் நிண்டது, லைவும் போச்சு.

எக்ஸ்ரே படத்துக்குள்ளாலை பாத்தனாங்கள் எண்டு நேற்று நாலுபேர் பெருமையாச் சொன்னவை. பாக்கக்கூடாது. வெளிச்சம் குறையும், ஆனால் கண்ணை எரிக்கிற கதிர் உள்ளை போகும், விழித்திரைக்கு நோத் தெரியாது. இதை மேடையிலை சொல்லக் கேட்டனான், நேரம் இல்லை எண்டிட்டினம். புஷ்பக விமானத்துக்கு நேரம் இருந்தது.

வடமராட்சிப் பொடியன் (ஞாயிறு, பின்னேரம் 5.50)

ரீச்சர் 👏👏

வேறை ஒரு கேள்வி. விஞ்ஞானப் புனைகதையோ அறிவியல் புனைகதையோ? பனரிலை விஞ்ஞானம், சேட்டிபிக்கற்றிலை அறிவியல்.

சுன்னாகம் ரீச்சர் (ஞாயிறு, இரவு 7.15)

நாங்கள் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறது விஞ்ஞானம், புத்தகத்திலையும் விஞ்ஞானம், பரீட்சைத் தாள்லையும் விஞ்ஞானம். அறிவியல் இந்தியாவிலையிருந்து சஞ்சிகையோடையும் ரிவியோடையும் வந்தது. ரெண்டும் நல்ல சொல்லுத்தான், ஆனால் என்ரை பிள்ளையள் அறிவியல் எண்டால் வேறை ஒரு பாடம் எண்டு நினைக்குதுகள்.

மருதடி மைந்தன் (ஞாயிறு, இரவு 8.00)

எங்கடை தலைமுறை உதுக்குள்ளை வந்ததே இந்தியச் சஞ்சிகையாலைதான் ரீச்சர். சுஜாதா இல்லாட்டி எனக்கு றோபோ எண்டால் என்னெண்டே தெரியாது. என் இனிய இயந்திராவை மாமா வீட்டுப் பரணிலை கிடந்த பைண்ட் பண்ணின விகடனிலை வாசிச்சனான், கடைசி அத்தியாயம் கரையான் அரிச்சது, முடிவு என்னெண்டு தெரிய எட்டு வருசம் எடுத்தது. கதை நடக்கிற காலம் 2020 தாண்டி. அதுவும் வந்துபோச்சு, கதையிலை வாற றோபோ நாய் ஜீனோ வரேல்லை, எங்களுக்கு வந்தது ஊரடங்கு.

ஒரு விசயம் கவனிச்சனியளோ? சுஜாதா செத்தது 2008 பெப்ரவரி 27, கிளார்க் செத்தது மார்ச் 19. 21 நாள் வித்தியாசம். நான் அப்ப வவுனியாவிலை, ரெண்டு செய்தியையும் ஒரே ரீக்கடையிலை ஒரே பேப்பரிலைதான் வாசிச்சனான், ரெண்டாவதை வாசிச்சுப்போட்டு ரீயைக் குடிக்காமல் வைச்சிட்டு எழும்பினது ஞாபகம் இருக்கு.

நேற்றைய புத்தகக் கடையிலை சுஜாதா இருந்தார், இங்கிலீஸ் இருந்தது, எங்கடை ஆக்கள் எழுதின விஞ்ஞானக் கதை எண்டு கேட்டன், கடைக்காரத் தம்பி சமையல் புத்தகத்தைக் காட்டினார். ஈழத்துச் சஞ்சிகையள் கனக்க நூலகம் தளத்திலை ஸ்கான் பண்ணிக் கிடக்கு, நேரம் இருக்கிற ஆக்கள் தேடிப் பாக்கலாம், நானும் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் பாப்பன்.

கூட்டத்துத் தொண்டன் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாம் வாசிச்சனான். நான் ஒழுங்குபடுத்தின ஆக்களிலை ஒராள், கதிரை தூக்கின ஆள் எண்டு வையுங்கோ. பிந்தினது பிழைதான். விளக்கேத்தாமல் துடங்குவம் எண்டு நாங்கள் நாலுபேர் சொன்னனாங்கள், மற்ற ஆறுபேரும் விளக்கேத்தாட்டி ஆக்கள் குறை சொல்லுவினம் எண்டவை, ஏத்தினாப் பிறகும் நீங்கள் குறை சொல்லுறியள். பிரதம விருந்தினரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, மைக்குக் காசு குடுத்தது அவர்.

மாநாடு எண்டு பேர் வைக்கேல்லை எண்டு நேற்று ஒருத்தர் சண்டைக்கு வந்தவர். மாநாடு எண்டால் யாழ்ப்பாணத்திலை வயசுபோன ஆக்களுக்கு 74 இலை தமிழாராய்ச்சி மாநாட்டிலை ஆக்கள் செத்ததுதான் ஞாபகம் வரும், அதோடை அரசியல்வாதியளும் வருவினம். அதுதான் சும்மா கூட்டம் எண்டு விட்டனாங்கள்.

இங்கிலீஸ் கதைப்புக்கு வாறன். கதைச்சவர் கொழும்பிலை படிச்சவர், தமிழிலை கதைக்கச் சொல்லித்தான் கூப்பிட்டனாங்கள், மைக்கைப் பிடிச்சவுடனை பயத்திலை இங்கிலீஸ் வந்திட்டுதாம். கேள்வி நேரத்திலை ஒரு அக்கா எழும்பி ஏன் ஏலியன் எப்பவும் அமெரிக்காவிலையே இறங்குது, அச்சுவேலியிலை ஏன் இறங்காது எண்டு கேட்டவவெல்லோ, அதுக்கு அவர் நல்ல தமிழிலை மறுமொழி சொன்னவர், நீங்கள் எல்லாரும் அப்ப வடை எடுக்கப் போட்டியள். அவர் சொன்னது, அச்சுவேலியிலை இறங்கினால் முதல்லை நீங்கள் எந்தப் பகுதி எண்டு கேப்பினம், ரெண்டாவது எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேப்பினம், ஏலியன் அதுக்கு மேலை நிக்காது. நாலைஞ்சு பேர் சிரிச்சவை, மிச்ச ஆக்கள் சிரிக்கேல்லை. எனக்கு அந்தச் சிரிக்காத அமைதிதான் பிடிச்சது.

கடைசியா, தண்ணிக் கான் ஹெல்மெற் ஒண்டு மேடைக்குப் பின்னாலை கிடந்து எடுத்தது, என்னட்டை இருக்கு. உரிய ஆக்கள் தொடர்புகொள்ளவும்.

குப்பிவிளக்கு (ஞாயிறு, இரவு 10.15)

அந்தப் பகுதி, அதாவது சாதி, கேக்கிற பகிடிக்குச் சிரிச்ச நாலைஞ்சு பேரிலை நானும் ஒராள். அதுவும் விஞ்ஞானப் புனைகதைதான், ஐயா. 2075 இலையும் அந்தக் கேள்வி இருக்குமோ எண்டு எழுதலாம். கிணத்துக் கதையிலை அதையும் சேக்கிறன், தண்ணிக்கு லைனிலை நிக்கேக்கை கேக்கிற மாதிரி.

யூரியா அம்மா (திங்கள், காலமை 9.00)

வணக்கம், ஹெல்மெற் என்ரை மகளின்ரை. இந்த ஐடி இண்டைக்குத்தான் திறந்தனான், பேர் என்ன வைக்கிறதெண்டு தெரியேல்லை, உடுப்பைத் தைச்சது நான் எண்டபடியால் இதை வைச்சன். பரிசு கிடைக்கேல்லை எண்டு அவவுக்குக் கவலை இல்லை, ஹெல்மெற் இல்லை எண்டுதான் ராத்திரி முழுக்க அழுகை. அவவின்ரை அப்பா புதுசா ஒண்டு வெட்டித் தாறன் எண்டார், அது விண்வெளிக்குப் போகாத ஹெல்மெற்றாம், வேண்டாமாம். பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு வந்து எடுக்கிறம்.

பாக் எங்கடை தோட்டத்துப் பாக்தான், கழுவிக் காயவைச்சுத்தான் தைச்சனான், ஒருத்தரும் பயப்படாதேங்கோ.

சங்கானை எடிசன் (செவ்வாய், இரவு 8.30)

எல்லாருக்கும் வணக்கம், நான் ஓ.எல். படிக்கிறன். விறாந்தையிலை ஐயாவுக்குப் பெடல் சுத்தினது நான்தான். நேற்று அப்பாவின்ரை பழைய சைக்கிளிலை டைனமோ பூட்டி நாலு டயோட் போட்டு றேடியோவுக்குக் குடுத்தனான். வேலை செய்யுது!! திருச்சி வானொலி பிடிச்சது, நாகசுரம் போனது. ஆனால் பெடல் வேகமாச் சுத்தினால் கத்துது, மெதுவாச் சுத்தினால் அழுகிற மாதிரி இழுக்குது, ஒரேமாதிரிச் சுத்தக் கை வருகுதில்லை. ஐயா சுத்தச் சொல்லேக்கை அப்பிடி இழுக்கேல்லை. என்ன பிழை எண்டு ஆருக்கும் தெரியுமோ? அம்மா சைக்கிளை நிமித்தச் சொல்லுறா, மிளகாய் அரைக்க மில்லுக்குப் போகவேணுமாம்.

கைதடிப் பேத்தி (செவ்வாய், இரவு 9.20)

தம்பி, நான் அவற்றை பேத்தி. அப்பப்பா பக்கத்திலை இருக்கிறார், நான் வாசிச்சுக் காட்டினனான், அவர் சொல்லச் சொல்ல எழுதுறன்.

டயோட் நாலுக்கும் பிறகு பெரிய கப்பாசிற்றர் ஒண்டு போடட்டாம், 2200 மைக்ரோபரட், 25 வோல்ற்றுக்குக் குறையாமல், ஏனெண்டால் டைனமோ 6 வோல்ற் எண்டு எழுதிக் கிடந்தாலும் வேகமாச் சுத்தினால் அதுக்கு மேலை போகுமாம். நேர், மறை மாறிக் குடுத்தால் வெடிக்குமாம், ரெண்டுதரம் பாக்கட்டாம். அதுக்குப் பிறகும் கத்தினால் றெகுலேற்றர் ஒண்டும் போடவேணுமாம், அந்தக் காலத்திலை தன்னட்டை அது இருக்கேல்லை, அதுக்குப் பதிலா பழைய பற்றறியைப் பக்கத்திலை கொழுவினவராம், அது வேகத்தைச் சமாளிச்சதாம். கடையிலை கப்பாசிற்றர் தேடி அலையாதை, தன்ரை அலுமாரியிலை கிடக்காம், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரட்டாம், அதுக்கு முதல் நித்திரை.

திருச்சியிலை நாகசுரம் வாசிச்சது ஆர் எண்டும் கேக்கிறார்.